ஊருணியைத் தூர்வார அரசுப் பணம்: மனு எழுதும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. "எங்கள் ஊர் ஊருணி தூர்ந்துபோய்க் கிடக்கிறது, அரசாங்கத்தில் பணம் கிடைக்குமா, எப்படி விண்ணப்பிப்பது?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காற்று அடிக்கிறது, சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997-98ல் வந்த திட்டம் இது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடும். கிராமப்புறத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நம்முடையது. அதாவது மதிப்பீடு 9 லட்சம் என்றால் நாம் 3 லட்சம், அரசு 6 லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு நம் பங்கு ஐந்தில் ஒன்று போதும். ஊர்க்காரர்கள்தான் தர வேண்டும் என்றில்லை. பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ஒரு கம்பெனி, யார் வேண்டுமானாலும் தரலாம்.

சரி, இப்போது எல்லோரும் என்ன செய்கிறார்கள்? நான்கு பக்கத்துக்கு மனு எழுதுகிறார்கள். "நீரின்றி அமையாது உலகு" என்று ஆரம்பித்து, தாத்தா காலத்தில் ஊருணித் தண்ணீர் எவ்வளவு இனித்தது என்பது வரைக்கும் போகும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தேடுவது சர்வே எண்ணை. அது மனுவில் இல்லையென்றால் அந்த நான்கு பக்கத்தையும் வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் முதல் வேலை, அந்த இடம் யாருடையது என்று பார்ப்பது. இதோ திரையைக் காட்டுகிறேன். வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேடு, அதாவது ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் பதிவேடு, இலவசமாகவே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் இப்படி வரும். பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கிறது. வகைப்பாட்டைப் பாருங்கள், ஊருணி, குளம், புறம்போக்கு என்று ஏதாவது ஒன்று இருக்கும். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேளுங்கள், சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எந்த அலுவலகப் படி ஏறுவது என்பதே இதில்தான் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். சின்ன ஊருணிகளை ஊராட்சியே பார்த்துக்கொள்ளும். நீர்வளத் துறைக் கண்மாய்க்குப் பிடிஓ ஆபீசில், அதாவது ஒன்றிய அலுவலகத்தில், மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிற ஊர்கள் உண்டு. அங்கே யாரும் மனுவைத் தூக்கிப் போடவில்லை, அது அவர்கள் கைக்குள் இல்லாத கண்மாய், அவ்வளவுதான்.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். வருடத்தில் ஆறு நாள் சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் சர்வே எண்ணும் என்ன வேலை என்பதும் இருக்கட்டும். "ஊருணியைச் சீரமைக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுத வேண்டாம். தூர்வாருவதா, கரையைப் பலப்படுத்துவதா, படித்துறை கட்டுவதா, பிரித்து எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

இனி மதிப்பீடு. இதை ஒன்றியத்தின் ஓவர்சியரும் பொறியாளரும்தான் அரசு விலைப் பட்டியலை வைத்துப் போடுவார்கள். ஜேசிபிக்காரர் சொன்ன தொகையை எழுதினால் செல்லாது. ஆனால் அவர்கள் டேப்போடு வருகிற அன்று நாமும் கூட நிற்க வேண்டும். கணக்கு சுலபம்தான். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் தோண்டினால் தோராயமாக 2,400 கன மீட்டர் மண். அந்த மண் எங்கே போகும் என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கரையில் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம், வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். நல்ல வேலை செய்யப்போய் மண் திருட்டுப் பேர் வாங்காதீர்கள். கருவேலத்தை வெட்டுவதற்கும் அப்படித்தான், புறம்போக்கில் நிற்கிற மரத்துக்கு மதிப்புப் போட்டு ஏலம் விடுவார்கள்.

உண்மையான தலைவலி ஊருணியில் இல்லை, வரத்துக்கால்வாயில் இருக்கிறது. குழியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் தண்ணீர் வருகிற வழி அடைபட்டிருந்தால் அடுத்த ஐப்பசியிலும் காய்ந்துதான் கிடக்கும். இங்கே பாருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். அந்த வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளமாகத் தெரிகிறதே, அதுதான் கால்வாய். நடுவில் ஒருவர் வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறார், இந்தப் பக்கம் ஒரு பாலத்துக்கடியில் குப்பை அடைத்திருக்கிறது. புல வரைபடத்தில் இது அகலமாக இருக்கும், நேரில் ஒரு முழம்தான். கால்வாயின் சர்வே எண் வேறாக இருக்கும், அதையும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகு மதிப்பீடு போட்டால் பாதிச் சண்டை குறையும். மீதிச் சண்டையை ஊர்ப் பெரியவர்களை வைத்துத்தான் பேச வேண்டும், அதற்கு எந்தத் திட்டத்திலும் நிதி கிடையாது.

அப்புறம், வேலையை யார் செய்வது? நம் பங்கு பாதிக்குக் குறைந்தால் டெண்டர் போய் ஒப்பந்ததாரர் கைக்குப் போகும். பாதியோ அதற்கு மேலோ போட்டால் பணம் கொடுத்தவர்களே செய்யலாம். 9 லட்சத்தில் 3 லட்சமா, நாலரை லட்சமா என்பது இங்கேதான் முக்கியம். என்னைக் கேட்டால், கூட ஒன்றரை லட்சம் திரட்ட முடிகிற ஊர் திரட்டிவிடுவது நல்லது, கரை எப்படி வருகிறது என்பது நம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். ஆனால் பொறியாளர் அளந்து எம்-புக்கில், அதாவது அளவைப் புத்தகத்தில், ஏறிய வேலைக்குத்தான் பணம் வரும். அதுவரை டீசலுக்கும் கூலிக்கும் கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிங்கப்பூரிலும் துபாயிலும் ஆள் இருக்கிற ஊர் ஒரு வாட்ஸ்அப் குழுவிலேயே பங்குத்தொகையைத் திரட்டிவிடுகிறது. நூறு நாள் வேலையை நம்பி இருக்கிற ஊருக்கு ஐந்தில் ஒரு பங்கே மலைதான். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கிற ஆலையையோ வங்கியையோ சமூகப் பொறுப்பு நிதிக்குக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாம் சேர்ந்ததும் மனு ஆட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு ஒரே பக்கம் போதும். தீர்மானம், அ-பதிவேடு நகல், வரைபடம், இடம் பதிவாகும் செயலியில் எடுத்த போட்டோ, பங்குத்தொகை தருவோம் என்ற கடிதம், இவ்வளவும் பின்னால் இருக்கட்டும். பங்குத்தொகைக்கு வங்கி டிடி யார் பெயரில் எடுப்பது என்பதை அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பசுமை முதன்மையாளர் விருதைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது 1 லட்சம் ரூபாய், ஆனால் ஏற்கெனவே செய்து முடித்த சுற்றுச்சூழல் வேலைக்குத் தருகிற விருது. இனிமேல் செய்யப்போகிற வேலைக்கு அதை நம்ப முடியாது.

எம்எல்ஏ கடிதம் கட்டாயமா என்று கேட்கிறீர்கள். இல்லை. இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. உங்கள் ஊர் சர்வே எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வகைப்பாடு என்ன வந்தது என்று எழுதுங்கள், எந்த அலுவலகம் என்று பதில் போடுகிறேன். போனில் சார்ஜ் போகிறது, வரட்டுமா.