தம்பியோடு உட்கார்ந்து பீரியட் படம் பார்ப்பது எப்படி? ஒரு கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கிறது, பீரியட் படம், அதாவது பழைய காலத்தில் நடக்கிற கதையைச் சொல்லும் படம் பற்றியது. வாசித்துவிடுகிறேன். "எனக்கு பீரியட் படம் என்றால் உயிர். காலேஜ் படிக்கும் என் தம்பியையும் கூட உட்கார வைத்துப் பார்க்க ஆசை. ஆனால் பத்து நிமிடத்தில் அவன் போனை எடுத்துவிடுகிறான். 'இதெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது' என்று நான் ஏதாவது சொன்னால் கடுப்பாகிறான். நீங்களும் உங்கள் அக்காவும் சேர்ந்து பார்ப்பதாக அடிக்கடி சொல்வீர்களே, அது எப்படி? எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?"

சரி. இதுவரை அவனுக்கு எந்தப் படத்தைப் போட்டுக் காட்டினீர்கள் என்று எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ராஜா படமாகத்தான் இருக்கும். பீரியட் படம் என்றதும் நமக்குக் கிரீடமும் வாளும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். என் யோசனை, ராஜாக்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அப்பா, அம்மாவுக்கோ தாத்தா, பாட்டிக்கோ ஞாபகம் இருக்கிற காலத்துக் கதையை முதலில் எடுங்கள். ஏன் என்றால், சோழர் காலத்தில் ஒரு பொருள் இருந்ததா இல்லையா என்று நீங்கள் சொன்னால் உங்கள் தம்பி கேட்டுக்கொள்ள வேண்டும், அதோடு சரி, அவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அதுவே 1980 என்றால் அடுக்களையில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், கேட்கிற வேலையை அவனிடமே கொடுத்துவிடலாம்.

நீங்கள் இருப்பது திண்டுக்கல், அதனால் சுப்ரமணியபுரத்தில் ஆரம்பியுங்கள். சசிகுமார் 2008இல் எடுத்தது, கதை நடப்பது 1980 மதுரையில். தலைமுடி, தாடி, பெல்பாட்டம், நீளக் காலர் எல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். கல்லுக்குள் ஈரம் படத்தின் 'சிறு பொன்மணி அசையும்' பாட்டு வருகிறது, தியேட்டரில் முரட்டுக்காளை ஓடுகிறது, இரண்டுமே 1980 படங்கள்தான். இந்தக் கணக்கெல்லாம் உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் அந்த தியேட்டர் காட்சி வரும்போது வீட்டுப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். தரை டிக்கெட் கதை தானாக வரும். வெட்டுக்குத்து அதிகமான படம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு போடுங்கள்.

அடுத்து சார்பட்டா பரம்பரை, குத்துச்சண்டைப் படம். 2021இல் ஓடிடியில் வந்தது. வரலாறு என்றாலே ஓடுகிற பையனும் டான்சிங் ரோஸ் சண்டையில் போனைக் கீழே வைத்துவிடுவான், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் படத்தில் ஒரு இடம் முக்கியம். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது திமுக ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி வருகிறது, போலீஸ் உள்ளே வருகிறது. அது 1976 ஜனவரி 31. அன்றைக்கு நம் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், ரேடியோவில் கேட்டார்களா, பேப்பரில் படித்தார்களா என்று தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். படம் பாதியில் நிற்கும், நிற்கட்டும்.

இப்போது நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டீர்கள் அல்லவா. எனக்கும் அக்காவுக்கும் ஒரே ரசனை என்று நினைத்தால் அது கிடையாது. அக்கா தையல் வேலை செய்கிறாள். அவள் கண் துணியை விட்டு நகராது. நான் பின்னால் இருக்கிற மரம் செடி, வண்டி, போர்டு இதையெல்லாம்தான் பார்ப்பேன். கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். (அம்மா மட்டும் ஒழுங்காகக் கதையைக் கவனிப்பாள், எங்களை அதட்டுவதும் அவள்தான்.)

அக்கா ஒருமுறை சொன்னதை இன்னும் எந்த விமர்சனத்திலும் நான் கேட்டதில்லை. பீரியட் படத்தில் எல்லோருடைய ஜாக்கெட்டும் நேற்று தைத்த மாதிரியே இருக்கிறது என்றாள். உண்மையில் அந்தக் காலத்தில் ஒரு ஜாக்கெட்டை வருடக்கணக்கில் போடுவார்கள், உடம்பு பெருத்தால் பக்கத்துத் தையலைப் பிரித்து விடுவார்கள். உள்ளே மடிந்திருந்த துணி வெயில் படாமல் சாயம் போகாமல் இருக்கும், அதனால் அக்குளுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை மாதிரி கூடுதல் நிறத்தில் தெரியும், அதை ஒட்டிப் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும். அதைச் சொன்னதில் இருந்து நானும் ஒவ்வொரு படத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதையே வீட்டுக்கும் பொருத்திப் பாருங்கள். 1980 கதை என்றால் வீட்டில் இருக்கிற எல்லாப் பொருளும் 1980இல் வாங்கியதாக இருக்க முடியுமா? காலண்டர்தான் அந்த வருடத்தது. பீரோ கல்யாணச் சீர், ரேடியோ அதற்கு முந்தியது, அண்டா பாட்டி காலத்தது. கலை இயக்குநர் நல்லவர் என்றால் இந்தக் கலவை வீட்டுக்குள் இருக்கும். இல்லை என்றால் பழைய சாமான் கடை மாதிரி எல்லாம் பளபளவென்று ஒரே வயதில் நிற்கும். இன்னொன்று, பழைய காலம் என்றாலே திரை முழுக்க ஒரு பழுப்பு மஞ்சளைப் பூசிவிடுகிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அம்மா சொல்வாள், எங்கள் காலத்திலும் வானம் நீலமாகத்தான்டா இருந்தது.

அடுத்து, தப்பு கண்டுபிடிக்கிற விஷயம். உங்கள் தம்பி கடுப்பாவதில் நியாயம் இருக்கிறது. 'இது அப்போது கிடையாது' என்று சொல்லி நிறுத்தினால் அது வாத்தியார் வேலை. அந்தப் பொருள் எப்போது, எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியமான பாதி. ஒரு பாளையக்காரர் குதிரையில் போகிறார், பின்னால் வெட்டவெளி முழுக்க சீமைக் கருவேலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799. சீமைக் கருவேலம் இந்தியாவுக்கே 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் வந்தது, நம் மாவட்டங்களில் இப்படிப் பரவியது அதற்கும் பின்னால். அந்த மரம் இல்லாத தென் மாவட்டத்தை எங்கே போய்ப் படம் பிடிப்பது? டைரக்டரைத் திட்டி என்ன செய்ய. ராணி படகில் போகும்போது குளத்தில் ஆகாயத்தாமரை, அரண்மனை வாசலில் செண்டுமல்லித் தோரணம், சமையல்கட்டில் வற்றல் மிளகாய், மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, மிளகாய் போர்த்துகீசியர் கொண்டுவந்து கொடுத்தது. இதைச் சொன்னால், அப்போது சோழர்கள் சாம்பாருக்கு என்ன செய்தார்கள் என்று தம்பி திருப்பிக் கேட்பான். காரத்துக்கு மிளகு இருந்தது, சாம்பார்தான் இல்லை.

வண்டிப் பைத்தியம் என்றால் நம்பர் பிளேட்டைக் காட்டுங்கள். டிஎன் என்று போட்டு அடுத்து ஆர்டிஓ அலுவலக எண் வருகிற முறை 1989க்குப் பிறகு வந்தது, அதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுங்கள், மிச்சத்தை அவனே பிடித்துவிடுவான், அப்புறம் நீங்கள் கதையைப் பார்க்கவிடாமல் தொல்லை செய்கிறான் என்று எனக்கு எழுதுவீர்கள்.

எல்லாமே தப்பு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நூற்றாண்டு ஆள் இன்றைய தமிழ் பேசுகிறார் என்றால் அது தெரிந்தே செய்வது, நமக்குப் புரிய வேண்டுமே. வீரபாண்டிய கட்டபொம்மன், 1959 படம், அது முதலில் மேடை நாடகம். அதில் சிவாஜி பேசுவது போல எந்தப் பாளையக்காரரும் மூச்சுவிடாமல் பேசியிருக்க மாட்டார். அதைத் தப்பு என்று சொல்வீர்களா? நானும் அக்காவும் அந்த வசனத்தை யார் திக்காமல் முடிக்கிறோம் என்று இன்றைக்கும் போட்டி போடுகிறோம். அக்காதான் ஜெயிப்பாள், எனக்கு மூச்சு பத்தாது.

இதற்கெல்லாம் அவன் பழகிவிட்டால் அடுத்த படம் 'இருவர்'. 1997 பொங்கலுக்கு வந்தது. எம்ஜிஆர், கருணாநிதி நட்பை அடியாகக் கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் படத்தில் அந்தப் பெயர்கள் வராது, அதனால் யார் யார் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு நன்றாக ஓடும். 'நறுமுகையே' பாட்டு கருப்பு வெள்ளையில் வரும், சந்தோஷ் சிவனுக்கு இந்தப் படத்துக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. முடித்த கையோடு மந்திரிகுமாரியைப் போடுங்கள், 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, நாயகன் எம்ஜிஆர், வசனம் கருணாநிதி. நிஜத்தில் அவர்கள் சேர்ந்து வேலை செய்த படத்தையே பார்த்த மாதிரி ஆகும்.

அதற்குப் பிறகு பொன்னியின் செல்வனுக்குப் போகலாம். அங்கே கேட்க வீட்டில் ஆள் கிடையாது, அதனால் கேள்வி மாறும், இவர்கள் இப்படி உடுத்தினார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று. சென்னை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள், இடுப்புத் துணியின் மடிப்பு வரைக்கும் வார்த்திருக்கிறார்கள். அக்காவைக் கூட்டிப்போனேன், அந்தக் கூடத்தை விட்டு அவளைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

காஞ்சிவரம் படத்தை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை நெய்ய, நெசவாளி பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுபோகிற கதை. அருமையான படம், ஆனால் அதைப் பார்க்கும்போது தப்பு தேடவும் தோன்றாது, பேசவும் தோன்றாது. அதை நீங்கள் தனியாகப் பாருங்கள், தம்பி தானாக வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.