தேங்காய் எண்ணெயும் மைனஸ் எட்டு டிகிரியும்

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்டில், இமயமலையின் கேதார்காந்தா சிகரத்திலிருந்து இறங்கி நான்கு நாள்தான் ஆகிறது. உச்சிக் காட்சிகள் அடுத்த வீடியோவில். இன்று அடுப்பு. அடுப்பு மட்டும்தான்.

கொல்லிமலை வீடியோவில் ஒரு குட்டி கேஸ் அடுப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன், ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கையில் அடங்கும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். வேண்டும். நிறைய வேண்டும்.

ஜூடா கா தலாப் முகாம், இரவு மைனஸ் எட்டு. அடுப்பு பற்றிக்கொண்டது. ஐந்தே நிமிடத்தில் சுடர் அகல் விளக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. கேனைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கிறது, வெளியே வரத்தான் மனசில்லை. காரணம், கேனில் இருந்தது வெறும் பியூட்டேன் வாயு. கடல் மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் அது திரவமாகவே உட்கார்ந்துவிடும். மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் எரிய எரிய கேன் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறதே! ஐசோபியூட்டேனுக்கு அந்தக் கணக்கு சுமார் மைனஸ் 12, புரோபேனுக்கு மைனஸ் 42. இரண்டும் கலந்த கேன்தான் வாங்கியிருக்க வேண்டும்.

டேராடூன் கடையில் அது இருந்தது. 220 ரூபாய் அதிகம் என்று வைத்துவிட்டு வந்தேன். 220 ரூபாய்! அன்றைக்கே பேருந்து நிலையத்தில் பராத்தாவுக்கும் டீக்கும் 240 கொடுத்தேன். பராத்தாவும் சுமார்தான். இன்னும் வயிறு எரிகிறது.

ஆ, சொல்ல மறந்துவிட்டேன். விமானத்தில் கேஸ் கேன் கூடவே கூடாது, கைப்பையிலும் சரி, செக்-இன்னிலும் சரி. அதனால்தான் டேராடூனில் வாங்க வேண்டியதாயிற்று.

நல்லவேளை, பம்ப் ஸ்டவ்வும் சுமந்து போயிருந்தேன். அலுமினிய பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல். இதில் அழுத்தத்தை நம் கையே கொடுக்கிறது, எரிபொருளின் தயவு தேவையில்லை. அதனால்தான் குளிருக்கு இதுதான் என்கிறேன். ஆனால் பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை! உள்ளே இருக்கும் தோல் வாஷர் காயாமல் இருக்க வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். பாட்டி தன் ஸ்டவ்வுக்கு அதைத்தான் போடுவாள். சரி, பாட்டி வீடு நாகர்கோவில். நம்மூர் மார்கழிக்கே உறைகிற எண்ணெய், அங்கே மெழுகுவத்தி மாதிரி ஆகிவிட்டது.

பம்பை அக்குளில் செருகிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். வழிகாட்டி அண்ணன் சிரித்த சிரிப்பை வெட்டாமல் அப்படியே போடுகிறேன். அப்புறம் கொஞ்சம் பெட்ரோலைக் கிண்ணத்தில் எரியவிட்டு, குழாயைச் சூடாக்கி, வால்வைத் திறந்தேன். உர்ர்ர்ர்! அந்தச் சத்தத்துக்காகவே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். பொத்தானைத் தட்டினால் பற்றும் அடுப்புகளை எனக்கு என்றைக்கும் பிடிக்காது, தீப்பெட்டியே போதும்.

பனியை உருக்குவது லேசில்லை. ஒரு கிராம் பனி தண்ணீராக 80 கலோரி வேண்டும். அதே சூட்டில் பூஜ்ஜியத்தில் இருக்கும் தண்ணீர் 80 டிகிரிக்குப் போய்விடும். எரிபொருளை இரட்டிப்பாகக் கணக்குப் போடுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போட வேண்டும், இல்லையென்றால் தீய்ந்த வாடை வரும். அடுப்புக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளை முடித்துவிடும்.

குட்டி அடுப்பை விற்பீர்களா என்று கேட்காதீர்கள், கொல்லிமலைக்கு அதுதான் வரும். பம்ப் வாஷருக்குத் தையல் மெஷின் எண்ணெய் வாங்கக் கிளம்புகிறேன், ஒன்பது மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள்.