97.7-ல் ஒரு ராக் வானொலி இருந்தது

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது.

இன்றைக்கு ஒரு படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1988-ல் வந்த ‘ரெயின் மேன்’. டஸ்டின் ஹாஃப்மன் காரில் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “நைன்ட்டி செவன் எக்ஸ், பேம்! தி ஃப்யூச்சர் ஆஃப் ராக் அண்ட் ரோல்.” பக்கத்தில் டாம் குரூஸுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். யாரோ வசனத்துக்காக எழுதியது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு நிஜ வானொலியின் அறிவிப்பு.

நிலையத்தின் பெயர் டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய்., அலைவரிசை 97.7. ஊர் ஆக்ஸ்ஃபோர்டு. இங்கிலாந்தில் இருப்பது இல்லை, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் இருப்பது. அங்கே உள்ள பல்கலைக்கழகத்தின் பெயர் மயாமி. ஃப்ளோரிடாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது! குழப்புவதற்கென்றே பெயர் வைத்த ஊர்.

டக், லிண்டா பாலோக் தம்பதி 1981-ல் இந்த நிலையத்தை வாங்கினார்கள். 1983-ல் வழக்கமான ஹிட் பாட்டுகளை விட்டுவிட்டு ‘மாடர்ன் ராக்’ பக்கம் போனார்கள். கல்லூரி வானொலிகளில் மாணவர்கள் ஆசைக்குப் போடுகிற வகை இசை அது. அதை, விளம்பரக் காசில் பிழைக்கிற ஒரு நிலையம் நாள் முழுக்கப் போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையில் 500 பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒலிபரப்புவார்கள். ரசிகர்களுக்கு அது திருவிழா மாதிரி.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்துப் பெருநகரம் சின்சினாட்டி. இவர்களுடைய சிறிய டிரான்ஸ்மிட்டருக்கு அங்கே பல இடங்களில் சிக்னல் ஒழுங்காக எட்டாது. ஆனால் அதே 97.7-க்கான உரிமத்தைக் கொஞ்சம் நகர்த்தி, நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்தில் ஏற்றிவிட்டால்? விலை எங்கேயோ போய்விடும். 2004-ல் நடந்தது அதுதான். சுமார் 56 லட்சம் டாலருக்கு விற்பனை. வாங்கியவர்களுக்கு அந்தப் பாட்டுகள் தேவைப்படவில்லை, எண் மட்டும்தான் தேவை. உரிமம் மேசன் என்ற ஊருக்கு இடம் மாறியது. காலி மனைக்காகப் பழைய வீட்டை வாங்குவார்களே, அந்த மாதிரி.

பாலோக் தம்பதியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தவர்கள். பெயரையும் பாட்டுகளையும் வைத்துக்கொண்டு இணையத்தில் தொடர வழியும் பார்த்தார்கள்.

சரி, இணையம் என்றால் உலகமே கேட்குமே, பிறகென்ன கவலை? கவலையே அதுதான். அமெரிக்காவில் எஃப்.எம். நிலையம், பாடியவருக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் ராயல்டி, அதாவது பாட்டைப் போடுவதற்கான உரிமைத் தொகை, தர வேண்டியதில்லை. பாட்டு எழுதியவர்களுக்கு மட்டும் தந்தால் போதும். இணைய வானொலி இரண்டு பக்கமும் தர வேண்டும், அதுவும் ஒவ்வொரு பாட்டுக்கும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு. 2010-ல் வணிக நிலையங்களுக்கான பொது விகிதம் 0.0019 டாலர். துக்கடாத் தொகைதானே என்று தோன்றும். ஒரு நிலையத்தில் மணிக்கு 15 பாட்டு, 1,000 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 28.50 டாலர், ஒரு நாளைக்கு 684. சிறு நிலையங்களுக்குத் தனிச் சலுகைகளும் இருந்தன. இருந்தாலும் எஃப்.எம்.மில் கூட்டம் சேரச் சேர லாபம், இங்கே கூட்டத்தோடு சேர்ந்து பில்லும் ஏறும்.

இணையத்துக்குப் போன டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். 2006-ல் ஒரு தடவை நின்றுபோனது. ‘லாலா’ என்ற இணைய இசை நிறுவனம் கைகொடுத்தது. அப்புறம் கை மாறி, டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்கு மூட்டை கட்டினார்கள். 2010 மார்ச் 23 அன்று அதுவும் நின்றது. அந்த ‘பேம்!’ இப்போது கேட்க வேண்டுமென்றால் ஹாஃப்மன் குரலில்தான்.