காசின் பின்பக்கம்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பாலரட், பெண்டிகோ, அராரட் பக்கம் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பொன் தேடப் போகிறவர்களுக்குப் பொன் கிடைக்கிறதோ இல்லையோ, நடுவில் சதுரத் துளை கொண்ட சீனக் காசு ஒன்று சில வேளை கிடைத்துவிடும். அது யார் காலத்துக் காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து துலக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து காட்டினார். வட்டம் இருந்தது, துளை இருந்தது, எழுத்தைத்தான் காணவில்லை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த பித்தளையில் எழுத்தின் மேடே களிம்பாக மாறியிருக்கும். களிம்பு போனால் எழுத்தும் போயிற்று. அவரோ, "எவ்வளவு சுத்தம், பார்த்தீர்களா?" என்று என்னையே கேட்கிறார்! தண்ணீரில் ஊறவைத்து மண்ணை மட்டும் நீக்குங்கள். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், தேய்ந்த மேடும் நிழல் காட்டும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்க்கலாம். புளி மட்டும் வேண்டாம்.

அடுத்து, காசைத் திருப்புங்கள். எல்லோரும் முன்பக்கத்து நான்கு எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான் பின்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். துளைக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக ஒரு தண்டும் அதில் பற்களுமாக எழுத்து தெரிந்தால் அது மஞ்சூ எழுத்து, சீனாவை ஆண்ட மஞ்சூ மக்களுடையது. அப்படியானால் காசு 1644க்குப் பிந்திய சிங் அரசமரபினுடையது. வலப்புறத்துச் சொல் காசை வார்த்தது எந்த அக்கசாலை என்று சொல்லும்.

இப்போது முன்பக்கம். சிங் காசுகளில் வலமும் இடமும் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பேரரசரின் ஆட்சிப் பெயர் மேலும் கீழும்தான். ஆகவே நீங்கள் படிக்க வேண்டியவை இரண்டே எழுத்துகள். ஆனால் எது மேல், எது கீழ் என்பதில் கவனம் வேண்டும். 'குவாங்' என்ற எழுத்து கீழே இருந்தால் தாவ்குவாங், 1821 முதல் 1850 வரை. அதே எழுத்து மேலே இருந்தால் குவாங்சு, 1875 முதல் 1908 வரை. தேய்ந்த காசைத் தலைகீழாகப் பிடித்தால் அரை நூற்றாண்டு தவறிவிடும்.

இன்னொன்று. சிங் பேரரசர் காங்சி 1722இல் இறந்தார். அவர் காசு அராரட்டில் கிடைத்தால், கேப்டன் குக் ஆஸ்திரேலியாவுக்கு வருமுன்பே சீனர் வந்துவிட்டார்கள் என்று கதை கட்ட ஆள் இருக்கிறது. அப்படியில்லை. பழைய காசுகள் சீனாவில் நெடுங்காலம் புழங்கின; பின்னாளில் பொன் தேடி வந்த சீனர் அவற்றையும் கையோடு கொண்டுவந்தார்கள். விக்டோரியா அரசு 1855இல் தன் துறைமுகங்களில் வந்திறங்கும் சீனர் தலைக்குப் பத்துப் பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்கத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சுரங்கங்களுக்கு வந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்கள்தாம் 1857இல் அராரட்டில் பொன்னைக் கண்டார்கள். இந்த மண்ணில் அந்தக் காசுக்குக் கடையில் மதிப்பில்லை; ஃபான்டான் சூதாட்டத்தில் எண்ணும் காயாக உதவியது. காசில் இருப்பது வார்த்த காலம். தொலைந்த காலம் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், தொலைந்த காலம் அல்ல.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பொன் தேடும் உரிமம் தொல்லியல் இடங்களைத் தோண்டும் அனுமதி ஆகாது, அதையும் மறக்க வேண்டாம். தஞ்சை வட்டாரத்துச் சீனக் காசுப் புதையல்களையும், இலங்கையில் யாப்பஹூவவில் கிடைத்தவற்றையும் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அவை பெரும்பாலும் சிங்குக்கு முந்திய சோங் அரசமரபுக் காலத்தவை, மஞ்சூ எழுத்துக்கு முந்தியவை. பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். நான் சொன்ன வழி அங்கே செல்லாது. நன்றி, வணக்கம்.