தீர்ப்புக்கும் காவல் நிலையத்துக்கும் இடையில்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இளைஞர்களுக்குக் குடிமக்களின் உரிமைகளைக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை நடத்திவரும் அனுபவம் குறித்துப் பேச வேண்டும் என்று நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். என் ஊர்க் கதைக்கு வருவதற்கு முன்பு ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

2012 நவம்பரில், மும்பையை அடுத்த பால்கரில், முகநூலில் எழுதிய சில வரிகளுக்காக ஓர் இளம்பெண்ணும், அந்த வரிகளுக்கு விருப்பக் குறி இட்டதற்காக அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்துப்போன ஸ்ரேயா சிங்கால் என்ற 21 வயது இளம்பெண், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை முழுவதுமாக நீக்கியது. பாடநூலில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் 2021 ஜூலையில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் அதே நீதிமன்றத்தின் முன் சென்று, இல்லாத அந்தப் பிரிவின் கீழ் நாடெங்கும் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்துவருகின்றன என்று எடுத்துக்காட்டியபோது, நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். தில்லியில் உயிரை விட்ட ஒரு சட்டப்பிரிவு, நிலையங்களில் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருந்திருக்கிறது. தீர்ப்புக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் எங்கள் வகுப்பு நடக்கிறது.

தென்மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், 16 வயது முதல் 22 வயது வரையிலானவர்களுக்கு இதை நடத்துகிறோம். முதல் ஆண்டு நான் நடத்திய விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சமத்துவத்துக்கு 14, பேச்சுரிமைக்கு 19, உயிருக்கும் தனிநபர் சுதந்திரத்துக்கும் 21 என்று அரசியலமைப்பின் கூறுகளை மனப்பாடம் செய்ய வைத்து, ஆண்டு இறுதியில் வினாடி வினா நடத்திப் பரிசும் கொடுத்தேன். பரிசு வாங்கிய மாணவர்களில் ஒருவரை, இரண்டு மாதம் கழித்து, வாகனச் சோதனையில் ஏற்பட்ட வாக்குவாதத்துக்காக மாலை வரை நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். "21ஆம் கூறு எனக்கு வரிக்கு வரி தெரியும் சார், வீட்டுக்குப் போன் செய்யலாமா கூடாதா என்பதுதான் தெரியவில்லை" என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார். கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் 22ஆம் கூறு, நான் வைத்த பாடத்திட்டத்திலேயே இல்லை. கைதானவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளும் இல்லை.

அதன்பின் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பினோம். காவல் நிலையம், ஊராட்சி அலுவலகம், கல்லூரி முதல்வரின் அறை என்று மாணவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, அங்கிருந்து அரசியலமைப்புக்கு ஏறுகிறோம். கிராம சபைக்கு ஒரு வாரம் போதும்: ஆண்டில் ஆறு நாட்கள் கூடும் அந்தச் சபையில், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் உறுப்பினர் என்பதையும், பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வர வேண்டும் என்பதையும் சொன்னால், மீதியை அவர்களே போய்க் கற்றுக்கொள்வார்கள்.

பேசவும் கூட்டம் கூடவும் உள்ள உரிமைக்கு மட்டும் மூன்று வாரங்கள் ஆகின்றன. அதற்கு அன்றைய சென்னை மாநிலத்திலிருந்தே தொடங்க முடிவது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தது சென்னை மாநில அரசு. அந்தத் தடை செல்லாது என்று, இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 1950 மே 26, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சரியாக நான்கு மாதங்கள். அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதும் சேர்ந்தது. அதே திருத்தம், கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லையும் அங்கே வைத்தது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் நடக்கும் இழுபறிதான் இன்றைக்கு வரை நடக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை என்பதை மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். அகமதாபாத்தில் மாணவர் அமைப்பு ஒன்றின் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதிலிருந்து எழுந்த ஹிம்மத்லால் ஷா வழக்கை அடுத்துப் படிக்கிறோம். தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரியின் மனம்போல மறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

பிறகு, எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இல்லாத நம் ஊர் வழக்கத்துக்கு வருகிறோம். அனுமதியின்றிக் கூடியவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, மதியச் சாப்பாடு கொடுத்து, மாலையில் விட்டுவிடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. அது கைதா, இல்லையா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வெளியே போக விடாமல் வைத்திருந்தால் அது காவல்தான் என்பதே என் பதில். மண்டபத்தை விட்டு வந்ததோடு எல்லாம் முடிந்ததென்று நினைக்கவும் கூடாது: தங்கள் பெயரில் வழக்குப் பதிவாகியிருப்பதையே பிற்பாடு அரசு வேலைக்கான சரிபார்ப்பின்போதுதான் சிலர் அறிகிறார்கள். இதைச் சொல்லாமல் ஓர் இளைஞரைப் போராட்டத்துக்கு அழைப்பவர் அவருக்குத் தலைமை தாங்கவில்லை, அவரைச் செலவழிக்கிறார். ஆகவே எங்கள் வகுப்பு எந்தப் போராட்டத்துக்கும் கூட்டமாகப் போவதில்லை. போக விரும்புபவர் தாமாக முடிவெடுத்து, வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் குறித்துக்கொண்டு போகட்டும். இந்த விதிக்காக என்னைக் கோழை என்று சொன்ன நண்பர்கள் உண்டு. அவர்களோடு இன்னமும் டீ குடிக்கிறேன்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த நாள், பிஜோ இம்மானுவேல் வழக்கைப் படிக்கும் நாள். 1985இல் கேரளத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று உடன்பிறந்த குழந்தைகள் வெளியேற்றப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அவர்கள், நாட்டுப்பண் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். தீர்ப்பைச் சொல்லாமல் இவ்வளவை மட்டும் சொல்லிவிட்டுக் கை உயர்த்தச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் முக்கால்வாசிக் கைகள் பள்ளியின் பக்கம் உயரும். பேச்சுரிமைக்காக முந்தின வாரம் மேசையைத் தட்டிப் பேசியவர்களின் கைகளும் அவற்றில் இருக்கும். அப்போது நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் என் பதிலைத்தான் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். அரை மணி நேரம் போனபின் யாராவது ஒருவர், பாட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்பார். 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பும் ஏறத்தாழ அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது: பாடக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதில் அவமதிப்பும் இல்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பு தவறு என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து அடுத்த வாரம் வாசித்தார். அவருடைய முடிவோடு நான் உடன்படவில்லை. ஆனால் அந்த ஆண்டு வகுப்பில் எழுதப்பட்டவற்றில் நன்றாக வாதிட்ட கட்டுரை அதுதான் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

தவறுகளில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விடுதியில் தங்கிப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், சாப்பாட்டில் பருப்பே தெரிவதில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினார். "ஏன் உணவு சரியில்லை" என்று கேட்டால் பதில் வராது, குறிப்பிட்ட மாதத்தின் இருப்புப் பதிவேட்டு நகல் வேண்டும் என்று கேளுங்கள் என்று நான்தான் திருத்திக் கொடுத்தேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தம் பெயரிலேயே அனுப்பினார். சட்டம் தரும் 30 நாட்களுக்குள் பதில் வரவில்லை. அவருடைய அப்பாவைத் தேடி வீட்டுக்கு ஆள் வந்தது. 'பெண்ணின் படிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களாம். மேல்முறையீட்டில் நகல் கிடைத்தது, பருப்பும் வந்தது. ஆனால் அந்த மாணவியை அவர் வீட்டார் அதன்பின் வகுப்புக்கு அனுப்பவில்லை. விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் பாதுகாக்கிறது, பெயரை மறைக்கும் பாதுகாப்பு அதில் இல்லை. அதை முன்கூட்டி யோசிக்க வேண்டியவன் நான். இப்போது இப்படிப்பட்ட விண்ணப்பங்களை மாணவர்கள் எழுதுகிறார்கள், கையெழுத்தும் முகவரியும் என்னுடையவை.

கடந்த மாதம் ஒரு மாணவர், கைப்பேசியைத் தொலைத்த பக்கத்து வீட்டுப் பாட்டியை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போயிருக்கிறார். மனுவை வைத்துவிட்டுப் போகச் சொன்னவரிடம், குரலை உயர்த்தாமல், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எழுத்தர் இல்லை என்றார்களாம், பிறகு புத்தகம் இல்லை என்றார்களாம். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து வாங்கிய அந்தத் தாளின் நகலை அவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போனபோது, எண் எங்கே இருக்கிறது, முத்திரை எங்கே இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.