குட்டைச் செடிக்கு ஒரு சொட்டு ஜிப்ரெல்லின்

வணக்கம் நேயர்களே. நாத்தங்கால்ல எல்லா நாத்தும் ஒரே மட்டமா நிக்கும்போது அங்கங்க நாலஞ்சு மட்டும் வெளிறிப்போய் ஒல்லியா, மத்ததை விட உசரமா நிக்கிறதை நெல் போடுறவங்க பார்த்திருப்பீங்க. அட நல்லா வளருதேன்னு சந்தோஷப்பட முடியாது, அது பெரும்பாலும் காஞ்சு போயிடும், தப்பிச்சு நின்னாலும் பதராத்தான் போகும். ஜப்பான்ல இதுக்கு பாகானே நோய்னு பேரு, காரணம் ஒரு பூஞ்சணம்.

1926ல தைவான்ல, அப்ப அது ஜப்பான் கையில இருந்துச்சு, குரோசாவான்னு ஒருத்தர் இதை ஆராய்ச்சி பண்ணாரு. அவர் செஞ்சது சின்ன வேலைதான், ஆனா எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தப் பூஞ்சணத்தை ஒரு திரவத்துல வளர்த்தாரு, வளர்த்துட்டு பூஞ்சணத்தை வடிகட்டி எடுத்துட்டாரு, மிச்சமிருந்த தண்ணிய மட்டும் நோயில்லாத நாத்துக்குக் கொடுத்தாரு. நாத்து அதே மாதிரி நெடுநெடுன்னு வளர்ந்துச்சு. கவனிங்க, பூஞ்சணம் அங்க இல்லவே இல்ல, அது விட்டுட்டுப் போன ஏதோ ஒரு சரக்குதான் செடியை இழுத்து விடுது. 1935ல யாபுத்தாங்கிறவர் அதுக்கு ஜிப்ரெல்லின்னு பேரு வச்சாரு, 1938ல அவரும் சுமிக்கியும் சேர்ந்து படிகமாவே எடுத்துட்டாங்க.

திராட்சைக்கு அடிக்கிற ஜி.ஏ., அதாவது ஜிப்ரெல்லிக் அமிலம், அது தானே சார்னு கேப்பீங்க. அதேதான். ஆனா இதைப் பூஞ்சணம் மட்டும் செய்யல, செடியே தனக்குத் தேவையானதை செஞ்சுக்குதுன்னு பின்னால தெரிஞ்சுச்சு, அங்கதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு பெரிய வாசல் திறந்துச்சு. ஒரு செடி குட்டையா இருக்கா? ஒரு சொட்டு ஜிப்ரெல்லின் விட்டுப் பாருங்க. வளர்ந்துடுச்சுன்னா அதுக்கு இந்த வளர்ச்சி ஹார்மோனை, அதான் ஜிப்ரெல்லினை, செய்யத் தெரியல, வளரலைன்னா ஹார்மோன் இருந்தும் அது சொல்றது செடிக்குக் கேக்கல. நெல் நாத்துல இலையும் உறையும் சேர்ற இடத்துல பொடிசா ஒரு சொட்டு, மூணு நாள் கழிச்சு இலை உறையை ஸ்கேல் வச்சு அளந்தா பதில் கிடைச்சிடும், பெரிய மெஷின் எதுவும் வேணாம்.

1950கள்ல அமெரிக்காவுல ஃபின்னிங்கிற ஆராய்ச்சியாளர் குட்டை மக்காச்சோளத்துல இதைத்தான் பண்ணாரு, சில ரகம் சாதாரண மக்காச்சோளம் உசரத்துக்கே வந்துடுச்சு, ஒரு ரகம் அசையவே இல்ல. நம்ம ஊர்ல பெரியவங்க சொல்ற ஐ.ஆர். எட்டு, 1966ல பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த குட்டை நெல்லு, உரம் போட்டாலும் சாயாம நின்னுச்சே, அது முதல் வகை, சொட்டு விட்டா வளரும். ஜிப்ரெல்லினை செய்யற ஒரு மரபணு அதுல பழுதுன்னு 2002லதான் கண்டுபிடிச்சாங்க, அதாவது வயலுக்கு வந்து முப்பத்தாறு வருஷம் கழிச்சு! பசுமைப் புரட்சி கோதுமை ரெண்டாவது வகை, எவ்வளவு விட்டாலும் பெருசா வளராது. மெண்டல் பாத்த குட்டைப் பட்டாணி கூட முதல் வகைதான், அந்த மரபணு 1997ல கிடைச்சுச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. விதை முளைக்கிறதைப் பத்தி நிறைய வச்சிருந்தேன், ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். முளைகட்டின கேழ்வரகு லேசா இனிக்குமில்ல, மாவு சர்க்கரையாகுறதால. 1960ல பார்லியை ரெண்டா வெட்டி, கரு இல்லாத பாதியில ஜிப்ரெல்லின் விட்டாங்க, கரு இல்லாமலே மாவு சர்க்கரையா மாற ஆரம்பிச்சிடுச்சு, கரு அனுப்புற தாக்கல் இந்த ஜிப்ரெல்லின்தான்னு அப்படித்தான் புரிஞ்சுச்சு. நன்றி, வணக்கம்.