மூன்று ஓட்டு ஓட்டியும் போகாத கோரை

வணக்கம். சத்தம் கேட்கிறதா? பக்கத்து லேஅவுட்டில் போர்வெல் போடுகிறார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம், நாங்கள் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் நிற்கிறேன். இங்கே இருபது குண்டே என்பார்கள். பீன்ஸைக் காட்டச் சொன்னீர்கள். காட்டுகிறேன், ஆனால் தேடித்தான் காட்ட வேண்டும். முழுக்கக் கோரை, மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் பரவும் களைப்புல்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த ஒரு செடியை மட்டும் களைக்கொத்தியால் மெதுவாகத் தோண்டினேன். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு, நுனியில் இன்னொரு கிழங்கு, அப்புறம் இன்னொன்று. மேலே பிடுங்கினால் நூல் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே சரக்குதான்.

தப்பு என்னுடையது. மண் பொலபொலவென்று இருக்கட்டும் என்று ஈரத்திலேயே மூன்று முறை ரோட்டவேட்டர் ஓட்டினேன், டிராக்டரில் மாட்டி மண்ணை நறுக்கிக் கிளறும் கருவி. சங்கிலியாக இருக்கும்வரை பல கிழங்குகள் தூங்கிக்கொண்டிருக்கும். நறுக்கிப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். பக்கத்துக் காட்டுக்காரர், கிருஷ்ணகிரிப் பெரியவர், பார்த்துவிட்டுச் சிரித்தார்: "கொன்னாரிய நீயே நட்டுட்டியே தம்பி!" கன்னடத்தில் கோரைக்கு அதுதான் பெயர்.

சரி, உழவே வேண்டாமா? சாரணை, பண்ணைக்கீரை போல விதையில் வரும் களைகளுக்குக் கணக்கு வேறு. உழுததும் அடியில் கிடந்த பொடி விதைகள் வெளிச்சம் பட்டு முளைக்கும். முளைக்க விட்டு, இரண்டு வாரம் கழித்து மேலாகக் கீறி அழித்துவிட்டு பீன்ஸ் ஊன்றலாம். அப்போது ஆழமாக உழுதால் அடுத்த கூட்டம் மேலே வந்துவிடும். கோரைக்கு மார்ச், ஏப்ரல் கோடை உழவுதான். காய்ந்த மண்ணைப் புரட்டிக் கிழங்கை வெயிலில் வாட்ட வேண்டும்.

இன்னொரு தப்பு, விலையைப் பார்த்து மூன்று போகமும் பீன்ஸே போட்டது. ஒரே பாத்தி, ஒரே தண்ணீர், ஒரே மாதிரி களையெடுப்பு. அதற்குப் பழகிய களை மட்டும் பெருத்துவிட்டது. பெரியவர் கேழ்வரகும் அவரையும் வரிசை மாற்றிப் போட்டு, பிறகு கொள்ளு விதைப்பார். கொள்ளு படர்ந்தால் கீழே நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. கேழ்வரகும் புல் மாதிரியே இருப்பதால் அதில் இளசாக இருக்கும் புல்லைப் பிரித்தறிவது கஷ்டம். அங்கே தப்பிய புல் அடுத்த போகத்துப் பீன்ஸில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். எனக்கு இது இப்போதுதான் உறைத்தது.

பீன்ஸுக்கு முதல் முப்பது நாள் சுத்தமாக இருக்க வேண்டும். நான் ஊன்றி இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது, அதனால் கேமராவை வைத்துவிட்டுக் குனியப் போகிறேன். கிழங்கை வரப்பில் வீசாதீர்கள், மழை வந்தால் அங்கேயே வேர் பிடிக்கும். நான் வாளியில் அள்ளிப்போய் மொட்டை மாடியில் காயவைப்பேன். வடகமா என்று வீட்டு ஓனர் கேட்பார்.